ஓவன் வந்தாயிற்று, பட்டியலும் போட்டாயிற்று: நெல்லை வெயிலில் எது தேறும்?

அடுக்களைக்காரி | பாளையங்கோட்டை | ஜனவரி 6

தீபாவளி போனஸில் என் வீட்டுக்காரர் 28 லிட்டர் ஓவன் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு மாதமாக அது பட்டாசலில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. அத்தை அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்து, அதை ஒரு முக்காலியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். புத்தாண்டு அன்றுதான் துணிந்து பிரித்தேன்.

எங்கள் வீடு சைவம். முட்டை சேர்ந்த எதற்கும் தனித் தட்டு, தனிக் கரண்டி, அதுவும் செவ்வாய், வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை நீங்கலாக என்ற உடன்படிக்கையின் பேரில்தான் ஓவனுக்கு மின்சாரம் கிடைத்தது. மாதம் ஒரு புதுப் பண்டம் என்று நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வெண்ணிலா கேக், நெய் பிஸ்கட், வாழைப்பழக் கேக், கருப்பட்டிக் கேக், பால் ரொட்டி, தூத்துக்குடி மக்ரூன், குரோசான், தம்மடை, பீட்சா, புளித்தமாவு ரொட்டி, சீஸ் கேக், டிசம்பரில் பிளம் கேக். பட்டியலைப் பார்த்த என் மகள், "இதில் எதையாவது நாங்கள் சாப்பிடலாமா, படம் மட்டும்தானா?" என்று கேட்டாள்.

முதல் மாதமே சறுக்கல். வெண்ணிலா கேக் நடுவில் எழும்பி வெடித்தது. மேலே கரி, கத்தியை விட்டால் உள்ளே பஜ்ஜி மாவு. வழிந்த மாவு கீழ்க்கம்பியில் விழுந்து புகைந்ததில், பக்கத்து வீட்டு மதினி வாளித் தண்ணீரோடு வந்துவிட்டார். செய்முறையில் கண்டபடியேதான் 180 டிகிரி, 40 நிமிடம் வைத்தேன். எங்கே தவறு? அடுத்த மாதம் பிஸ்கட்டுக்குப் போகலாமா?

கணக்கு வாத்தியார் | வண்ணாரப்பேட்டை | ஜனவரி 6

செய்முறை எத்தனை அங்குலத் தட்டுக்கு? உங்கள் தட்டு எத்தனை அங்குலம்? மாவை எதில் அளந்தீர்கள்?

அடுக்களைக்காரி | ஜனவரி 6

செய்முறையில் 8 அங்குலம். என்னிடம் இருப்பது 6. இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். கப் என்று எடுத்தது அத்தையின் பித்தளை உழக்கு.

கணக்கு வாத்தியார் | ஜனவரி 6

இரண்டு அங்குலத்தில் எல்லாமே வந்துவிடும் அம்மா. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டெட்டு அறுபத்துநான்கு, ஆறாறு முப்பத்தாறு. ஏறத்தாழ 1.8 மடங்கு மாவை அந்தச் சின்னத் தட்டில் ஊற்றியிருக்கிறீர்கள். வழியாமல் என்ன செய்யும்?

உழக்கு அரிசிக்கு உரியது. மைதா அமுங்கும் பண்டம். 240 மில்லி கப்பில் கரண்டியால் தூவி நிரப்பித் தலைதட்டினால் ஏறத்தாழ 120 கிராம் பிடிக்கும். கப்பையே டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை போய்விடும். ஆகவே முதலில் ஒரு சமையலறைத் தராசு. குரோசான் எல்லாம் அப்புறம்.

அடுத்தது ஓவன். குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். வெப்பமானி இல்லாவிட்டால் சீனி போதும். சீனி சுமார் 186 டிகிரியில் உருகும். அலுமினியக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சீனி போட்டு, குமிழை 175இல் திருப்பி, ஓவன் நன்றாகச் சூடேறிய பிறகு 15 நிமிடம் உள்ளே வையுங்கள். உருகக் கூடாது. பிறகு 190இல் இன்னொரு 15 நிமிடம். இப்போது உருக வேண்டும். 175இலேயே உருகிவிட்டால் உங்கள் ஓவன் சொல்வது ஒன்று, காய்வது ஒன்று.

பட்டியலைப் பற்றி என் கருத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாதம் ஒரு புதுப் பண்டம் என்றால், ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் முதல் தடவையாகவே செய்துகொண்டிருப்பீர்கள். பன்னிரண்டு முதல் தடவை. அதைவிட ஒரே கேக்கை நான்கு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடையை எழுதி வையுங்கள், சுடுவதற்கு முன்னும் பின்னும்.

தாமிரபரணித் தண்ணீர் | டவுன் | ஜனவரி 7

சாயங்காலம் ஆனால் கீழ ரத வீதியில் அல்வாவுக்கு வரிசை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு கேக்குக்கு ஏன் இந்தப் பாடு? இலையில் கால் கிலோ சுடச்சுட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோமா, படுத்தோமா என்று இல்லாமல், சீனியை ஓவனில் வைத்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுக்களைக்காரி | ஜனவரி 19

அண்ணாச்சி, உங்கள் அல்வாவை நாங்களும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அது பாட்டுக்கு அது.

வாத்தியார் ஐயா, 175இல் பன்னிரண்டாவது நிமிடமே சீனி கண்ணாடிபோல் ஆகிவிட்டது. இப்போது 160 என்று திருப்பினால்தான் செய்முறையின் 180 கிடைக்கிறது. தட்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். மாவைத் தராசில் நிறுத்தேன். இரண்டாவது கேக் வெடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பிறகுதான் கவனித்தேன், எங்கள் அடுக்களை மேடையே சாய்வு.

ஊசிக்கோபுரத்து நிழல் | பாளையங்கோட்டை | ஜனவரி 20

மகளே, பிளம் கேக்கைப் பட்டியலின் கடைசியில் போட்டிருக்கிறாய். அது டிசம்பரில் தொடங்கும் வேலை இல்லை. உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி அக்டோபரிலேயே ஊறப்போட வேண்டும். ரம் வேண்டாம் என்றால் சுடுவதற்கு முந்தின நாள் ஆரஞ்சுச் சாற்றில் ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் போதும். சாற்றில் போட்டதை ரம்மில் போட்டதுபோல் மாதக்கணக்கில் வெளியே வைத்தால் நுரைத்துப் போகும், கவனம்.

கேக்கின் கறுப்பு நிறம் கருக்கிய சீனியில் இருந்து வருகிறது. இரும்புச் சட்டியில் சீனியைத் தண்ணீர் இல்லாமல் உருக்கி, பழுப்பு தாண்டிக் கறுக்கப்போகும் நேரத்தில் வெந்நீர் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சட்டி எரிமலையாகிவிடும். வெந்நீரே சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். ஒரு நொடி பிந்தினால் கசப்பு. அந்த நொடியை என் அம்மா மூக்கால்தான் பிடிப்பார்.

1970களில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. மாவை வீட்டிலேயே கலக்கித் தகர டின்களில் ஊற்றி, தலையில் சுமந்துகொண்டு பேக்கரிக்குப் போவோம். அவர்கள் அன்றைய ரொட்டியைச் சுட்டு முடித்துவிட்டு, விறகடுப்பு தணிந்து வரும் சூட்டில் ஊர்க் கேக்குகளை வரிசையாக உள்ளே தள்ளுவார்கள். பிளம் கேக்குக்கு அந்தத் தணிந்த சூடுதான் வேண்டும். வீட்டு ஓவன் என்றால் 150 டிகிரி, இரண்டு மணி நேரம். பெயர்ச்சீட்டு வைத்தால் கருகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மாவின்மேல் ஓர் அடையாளம் உண்டு. எங்களுக்கு மூன்று முந்திரி, முக்கோணமாக. ஒரு வருடம் அடுத்த தெருக்காரரும் அதே முக்கோணத்தைக் குத்திவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது அவர்கள் கேக். அம்மாவினுடையதைவிட நன்றாக இருந்தது. அம்மா இருந்தவரைக்கும் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாளைப் பெருமை | ஜனவரி 20

ஊசிக்கோபுரத் தேவாலயம் 1826ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் நம் பாளையில்தான் வெந்திருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் | ஜனவரி 20

கோவில் 1826 என்பதற்காகக் கேக்கும் 1826 ஆகிவிடாது. 1883இல் தலசேரியில் மாம்பள்ளி பாப்பு சுட்ட கேக்கைத்தான் இந்தியர் கையால் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்கிறார்கள். நமக்கு அல்வா இருக்கிறது, அது போதும்.

தாமிரபரணித் தண்ணீர் | ஜனவரி 20

இதைத்தானே நானும் சொன்னேன்.

ஏத்தன்பழம் | களக்காடு | பிப்ரவரி 9

வாழைப்பழக் கேக் என்று பட்டியலில் பார்த்ததால் எழுதுகிறேன். என்னிடம் ஓவன் இல்லை. பதினைந்து வருடப் பழைய அலுமினியக் குக்கர் இருக்கிறது, அதில்தான் எல்லாம்.

மூடியில் இருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். இது முக்கியம், ஆவி கட்டக் கூடாது. அடியில் இரண்டு கப் கல்லுப்பு, அதன்மேல் ஒரு வளையம், மூடிப் பத்து நிமிடம் காயவைத்த பிறகு மாவுத் தட்டை இறக்கி, தீயைச் சிம்மில் வைத்து 45 நிமிடம். தண்ணீர் இல்லாமல் காய்வதால் குக்கர் நெளியும், கறுக்கும். அதனால் புதுக் குக்கரில் செய்து வீட்டில் ஏச்சு வாங்காதீர்கள். அந்த உப்பைக் குழம்புக்குப் போட முடியாது. டப்பாவில் எடுத்து வைத்து அடுத்த கேக்குக்கு வைத்துக்கொள்வேன்.

பழம் விஷயத்தில் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். மஞ்சளாக இருக்கும் ஏத்தன் வாழைப்பழம் கேக்குக்கு உதவாது, மாவாகத்தான் இருக்கும். தோல் முழுவதும் கறுத்து, காம்பைத் தொட்டால் கழன்று வர வேண்டும். எங்கள் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த தாரில் அப்படிப் பழுத்ததை யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும். பெரிய பழம் இரண்டு, 150 கிராம் மைதா, 80 கிராம் சீனி, 70 மில்லி தேங்காய் எண்ணெய், அரைத் தேக்கரண்டி சோடா, ஏலக்காய். முட்டை வேண்டாம், பழமே பிடித்துக்கொள்ளும். மாதாந்திர மின்தடை அன்று ஊரே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் கேக் வெந்துகொண்டிருக்கும்.

குறை ஒன்று உண்டு. மேல்சூடு கிடையாது. மேல்புறம் எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும்.

சிரட்டைக்கரி | மேலப்பாளையம் | பிப்ரவரி 10

அக்கா, மேல்சூட்டுக்கு எங்கள் உம்மும்மாவிடம் வழி இருந்தது. நான் பிறந்த ஊர் காயல்பட்டினம். அங்கே தம்மடை செய்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். முட்டை, சீனி, ரவை, நெய், அரைத்த முந்திரி. எங்கள் வீட்டுக் கணக்கு பத்து முட்டைக்கு 400 கிராம் சீனி, 250 கிராம் ரவை, 200 கிராம் நெய். ரவையை நெய்யில் லேசாக வறுத்து, முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்ததில் சேர்த்து ஊறவிட வேண்டும்.

நெய் தடவிய சட்டியில் ஊற்றி, தட்டையான மூடியைப் போட்டு, மூடியின்மேல் தேங்காய்ச் சிரட்டைக் கங்குகளைப் பரப்புவார். கீழே கொஞ்சம், மேலே அதிகம். கீழே அதிகமானால் சீனி அடிபிடிக்கும். மேலே குறைந்தால் நிறம் வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடுக்கியால் கங்கை நகர்த்துவார், ஓரத்தில் இருந்து நடுவுக்கு, நடுவில் இருந்து ஓரத்துக்கு. எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மூடிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, பொறுக்க முடிகிற நேரத்தை வைத்துச் சொல்லிவிடுவார். நான் இப்போது ஓவனில் 160 டிகிரியில் 45 நிமிடம் வைக்கிறேன். வடிவம் வருகிறது, ருசி வருகிறது, அந்தக் கரி வாசனை மட்டும் வரவில்லை.

குக்கர் மூடிமேல் கங்கை வைத்துவிடாதீர்கள். கைப்பிடி உருகிவிடும்.

அடுக்களைக்காரி | மார்ச் 15

பிப்ரவரி நெய் பிஸ்கட் சுமார். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது கருப்பட்டிக் கேக். அத்தையும் சாப்பிட வேண்டும் என்று முட்டை இல்லாமல் செய்தேன். வெல்லத்தைப்போலக் கருப்பட்டியிலும் கொஞ்சம் புளிப்பு இருக்கும், சோடா பொங்கிவிடும் என்று எங்கோ படித்ததை நம்பி, ஒரு தேக்கரண்டி சோடா போட்டேன். எழும்பவில்லை. செங்கல் நிறம், செங்கல் கனம். வாயில் வைத்தால் சோப்பு வாடை, பல்லில் நறநறவென்று மணல். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கருப்பட்டியை வீணாக்காமல் காப்பிக்கு வைத்திருக்கலாம்" என்றார். கேக்கைக் குறை சொல்லவில்லையாம், கருப்பட்டிக்காக இரங்கினாராம்.

பனங்காட்டுக்காரன் | திசையன்விளை | மார்ச் 15

உங்கள் அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பதநீர் எப்படி இறக்குகிறோம் என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும். பனம்பாளையில் வடிவது சும்மா கலயத்தில் விழுந்தால் பொழுது ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். அதனால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறோம். சுண்ணாம்பு காரம், அதாவது புளிப்புக்கு எதிர். சோடாவும் காரம். காரத்தோடு காரம் சேர்ந்தால் எங்கே பொங்கும்? மிஞ்சிய சோடாதான் உங்களுக்குச் சோப்பாக வாசனை அடித்தது. தயிரோ எலுமிச்சையோ சேருங்கள். சோடாவைப் பாதியாகக் குறையுங்கள்.

மணல் இருக்கத்தான் செய்யும். தட்டிப் பொடித்துக் கால் பங்கு தண்ணீரில் கரைய விட்டு, கொதி வந்ததும் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தேநீர் வடிகட்டி போதாது. நன்றாக ஆறிய பிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் தயிரில் சோடா தட்டிலேயே பொங்கி முடிந்துவிடும்.

இப்போது பதநீர் தொடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் புதுக் கருப்பட்டி நிறைய வரும், அப்போது வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் அது வியர்த்து ஒழுகும். முன்பெல்லாம் அடுப்புப் புகை படுகிற பரணில் ஏற்றி வைப்போம். இப்போது அடுப்பில் ஏது புகை, காற்றுப் புகாத டப்பாதான்.

கணக்கு வாத்தியார் | மார்ச் 16

திசையன்விளைக்காரருக்கு நன்றி, நானும் கருப்பட்டியை வெல்லக் கணக்கில்தான் வைத்திருந்தேன். ஒரு சின்னச் சேதி. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்டு என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843இல் பேக்கிங் பவுடரைச் செய்தார். அந்த அம்மாவுக்கு முட்டையும் ஆகாது. வீட்டில் ஒருவருக்காகச் செய்முறையை மாற்றும் பாடு உங்களோடு தொடங்கியது அல்ல.

அடுக்களைக்காரி | ஏப்ரல் 2

வாத்தியார் பேச்சைக் கேட்டு அதே கேக்கை மூன்று முறை செய்துவிட்டேன். பட்டியல் அப்படியே நிற்கிறது. தேறிய கணக்கு இது: 180 கிராம் கருப்பட்டியை 90 மில்லி தண்ணீரில் கரைத்து வடித்து ஆறவைத்தது, 120 கிராம் புளிக்காத தயிர், 80 மில்லி நல்லெண்ணெய், 180 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. 7 அங்குலத் தட்டு, 170 டிகிரி, 40 நிமிடம். மாவைக் கலந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டாவது முறை, கட்டியே இருக்கக் கூடாது என்று பத்து நிமிடம் அடித்தேன், ரப்பராகிவிட்டது.

அத்தை நேற்று இரண்டாவது துண்டு கேட்டார். கேட்டார் என்றால் வாயால் கேட்கவில்லை. தட்டைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அடுக்களைக்காரி | மே 12

கத்திரி வெயிலில் பால் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இரு மடங்காகும் என்று செய்முறை சொன்னது. நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், நாற்பதே நிமிடத்தில் பாத்திரத்துக்கு வெளியே வந்துவிட்டது. கள்ளு வாடை வேறு. சுட்டால் தட்டையாக அமுங்கி, கிள்ளினால் பொலபொலவென்று உதிர்கிறது. மென்மையாக இழுபடும் ரொட்டி எப்படித்தான் வருகிறது?

தாமிரபரணித் தண்ணீர் | டவுன் | மே 12

இவ்வளவு நாள் கேலி செய்துகொண்டிருந்தேன். இதற்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் அல்வா கிண்டியவன் நான்.

அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிகிறோம். மூன்று பால் எடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்திருக்கிறீர்களா? தவிட்டோடு ஒட்டிக்கொண்டு, சவ்வுபோல இழுபடும் சக்கை. விரலை விட்டுப் போகாது. நாங்கள் அதை மாட்டுக்குப் போடுவோம். பால் இரவெல்லாம் தெளிந்து, மேலே நின்ற தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்ததைத்தான் கிண்டுகிறோம். நாங்கள் தூக்கி எறிகிற அந்தச் சவ்வுதான் உங்கள் ரொட்டிக்கு உயிர். அதுதான் காற்றைப் பிடித்து வைக்கும். ஆகவே ரொட்டி மாவை விடாமல் பிசையுங்கள், பதினைந்து நிமிடமாவது. ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் விரித்தால் நுங்கின் தோல்போல வெளிச்சம் தெரிய வேண்டும், கிழியக் கூடாது. கேக்குக்கு இதே சவ்வு எதிரி. நீங்கள் பத்து நிமிடம் அடித்தபோது வந்த ரப்பர் இதுதான்.

பொங்கி வழிந்தது வெயிலின் வேலை. பாலை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு ஊற்றுங்கள், ஈஸ்ட்டைப் பாதியாக்குங்கள், ராத்திரி பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் சுடுங்கள். கோதுமைப் பால் வெயில் நாளில் எத்தனை மணிக்குப் புளிக்கும், மார்கழியில் எத்தனை மணிக்குப் புளிக்கும் என்று பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

அடுக்களைக்காரி | மே 20

அண்ணாச்சி, நுங்குத் தோல் வந்தது. ரொட்டியைப் பிய்த்தபோது பஞ்சுபோல நூல்நூலாக வந்ததைப் பார்த்துவிட்டு என் மகள் படம் எடுக்கவே மறந்துவிட்டாள்.

முத்துநகர் | தூத்துக்குடி | ஜூன் 3

மக்ரூன் செய்வதாக இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அது தட்டை விட்டு வரும்போதே பிசுபிசுக்கும். பொருள் மூன்றே: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மேலைநாட்டில் பாதாம் போடும் இடத்தில் இங்கே முந்திரி. அந்த முந்திரியும் போர்த்துகீசியர் பிரேசிலில் இருந்து கொண்டு வந்ததுதான்.

மூன்று வெள்ளைக்கருவுக்கு 150 கிராம் பொடித்த சீனி, 150 கிராம் முந்திரி. முந்திரியை வெயிலில் காயவைத்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டிப் பொடியுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டு வெண்ணெயாகிவிடும். வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் நுரை அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் முந்திரியை மெல்ல மடித்துச் சேர்த்து, காகிதக் கூம்பில் பிழிந்து, 100 டிகிரியில் இரண்டு மணி நேரம். அணைத்த பிறகும் இரவு முழுக்க உள்ளேயே கிடக்கட்டும். அது வேகும் பண்டம் இல்லை, காயும் பண்டம்.

அடுக்களைக்காரி | ஜூன் 16

திங்கட்கிழமை பார்த்துச் செய்தேன். கவிழ்த்துக் காட்டு என்று மகள் கேட்டதில் முதல் தவணை அவள் காலில் விழுந்தது. இரண்டாவது தவணை வந்தது, கூம்பு கொஞ்சம் சாய்ந்த கோபுரமாக. கடித்தால் நொறுங்கி, நாக்கில் கரைந்துபோகிறது. மிஞ்சிய மஞ்சள்கருவைப் பக்கத்து வீட்டு மதினி வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் வாளிக்கு ஈடாயிற்று.

குரோசான் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

கணக்கு வாத்தியார் | ஜூன் 16

அதற்கு வெண்ணெய் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் அடுக்களை 35. விடை நீங்களே போடுங்கள்.

ஏத்தன்பழம் | ஜூன் 16

ஏசி போட்ட படுக்கையறையில் மாவு திரட்டினால் வரும். உங்கள் வீட்டுக்காரரை எங்கே படுக்கவைப்பது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுக்களைக்காரி | டிசம்பர் 22

ஆறு மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். நாட்குறிப்பைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் ஏழுதான் செய்திருக்கிறேன். குரோசான், பீட்சா, சீஸ் கேக், புளித்தமாவு ரொட்டி, தம்மடை ஆகியவை நின்றுவிட்டன. கருப்பட்டிக் கேக் மட்டும் பதினான்கு முறை.

இன்று வேறு சிக்கல். இரண்டு பிளம் கேக் சுட்டேன், ஒன்று முட்டையோடு, ஒன்று அத்தைக்காகத் தயிரில். முட்டைக்கு என்று வைத்திருக்கும் தனித் தட்டும் மற்றதும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய 7 அங்குலத் தட்டுகள். ஊசிக்கோபுரத்து நிழல் சொன்ன கதை நினைவுக்கு வந்து, முட்டைக் கேக்கின்மேல் மூன்று முந்திரியை முக்கோணமாகக் குத்தினேன். ஆறியதும் இரண்டையும் தட்டில் இருந்து எடுத்துக் காகிதத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் முந்திரியைக் காணவில்லை. மகள் தின்றுவிட்டாள். இரண்டு கேக்கின் மேலும் பிளவு, இரண்டின் மேலும் பழம் பிய்ந்த குழி. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

கணக்கு வாத்தியார் | டிசம்பர் 22

சுட்ட பிறகு எடை எழுதினீர்களா?

அடுக்களைக்காரி | டிசம்பர் 22

எழுதியிருக்கிறேன்! முட்டைக் கேக் 1,040 கிராம், மற்றது 1,125 கிராம். தராசை எடுத்து வருகிறேன்.

அடுக்களைக்காரி | டிசம்பர் 22

தராசைக் கொண்டுவருவதற்குள் அத்தை வந்துவிட்டார். தார்சாவில் நின்றபடியே மூக்கை ஒரு சுருக்குச் சுருக்கி, வலப்பக்கம் இருந்ததைக் காட்டி, "அதை மதினி வீட்டுக்குக் கொடுத்துவிடு" என்றார். நிறுத்துப் பார்த்தேன். 1,038 கிராம்.

ஊசிக்கோபுரத்து நிழல் | டிசம்பர் 23

இரண்டு கிராம் முந்திரிக் கணக்கு. அடுத்த வருடம் கிராம்பைக் குத்து, மகளே. பிள்ளைகள் தொடமாட்டார்கள்.